என் தம்பி காவலராக முடியாது. தண்டனை பெற்றவர் அமைச்சராகலாமா?

வைப்பாற்றங்கரை (கேள்வி):

வணக்கம். கேள்வி என்றுதான் எழுதத் தொடங்குகிறேன். ஆனால் இரண்டு வாரமாக என் மனத்தைப் போட்டு அரிப்பது ஆற்றாமை. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

என் தம்பிக்கு இப்போது 27 வயது. அவனுக்குப் பத்தொன்பது நடந்த கோடையில் எங்கள் தெருவுக்குப் பதினொரு நாள் குடிநீர் வரவில்லை. பெண்கள் எல்லோரும் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். அம்மாவும் நானும் முன்வரிசை. தம்பி கல்லூரியிலிருந்து வந்த பஸ் அந்த மறியலில்தான் நின்றது. இறங்கி வந்து அம்மாவுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் அவன் செய்தது. வழக்கில் பதினான்கு பேர். அவன் பெயர் ஒன்பதாவது. மூன்று ஆண்டு வாய்தா வாய்தா என்று அலைந்தோம். கடைசியில் சாட்சிகள் யாரையும் சரியாக அடையாளம் காட்டவில்லை என்று சொல்லி, சந்தேகத்தின் பலனை அளித்து எல்லோரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு எழுதினான். எழுத்துத் தேர்வில் தேறினான். உடல்தகுதித் தேர்வுக்காகக் குளக்கரைப் புளியமரத்தில் கயிறு கட்டி ஏறி ஏறிப் பழகினான். உள்ளங்கை தோல் உரிந்து, மோர்ச் சோற்றைப் பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவான். 1,500 மீட்டர் ஓட்டம், கயிறு, நீளம் தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு ஒளிக்காமல் எழுதினான். தீர்ப்பு நகலையும் இணைத்தான். பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது. குற்ற வழக்கில் தொடர்புடையவர் என்பதால் தேர்வு செய்ய இயலாது என்று நான்கே வரி. விசாரித்தால், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று காவலர் பணி விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கயிற்றை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை. மரத்திலேயே தொங்குகிறது.

என் கேள்வி இதுதான். ஒருவர் ஊழல் வழக்கில் தண்டனை பெற்று, சிறைக்குப் போய், வெளியே வந்து ஆறு ஆண்டு கழித்தால் மறுபடி தேர்தலில் நிற்கலாம், வென்றால் அமைச்சராகி இதே காவல்துறையிடம் சல்யூட் வாங்கலாம் என்று சொல்கிறார்கள். இது உண்மைதானா? உண்மை என்றால், அவர்களுக்கு மட்டும் ஏன் வாழ்நாள் தடை இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தாலுகா ஆபீஸ்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பல தேர்தல்களில் வேட்புமனு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 8ஆவது பிரிவு. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் தண்டனை என்றால் சிறைக்காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தகுதி போய்விடும். மற்ற குற்றங்களில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதித்தால்தான் தகுதி போகும். தகுதியிழப்பு தீர்ப்பு நாளில் தொடங்கி, விடுதலையான பிறகு ஆறு ஆண்டு வரை நீடிக்கும். சொத்துக்குவிப்பு வழக்கில் நான்கு ஆண்டுச் சிறை முடித்து 2021 ஜனவரியில் வெளியே வந்த வி.கே.சசிகலாவுக்கு 2027 ஜனவரி வரை தடை என்று கணக்கிடுவது இப்படித்தான்.

2013க்கு முன் இதைவிட மோசம். பதவியில் இருக்கும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் 8(4) என்று ஒரு தனிச் சலுகை இருந்தது. தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், அது முடியும்வரை பதவி பத்திரம். நம் நாட்டில் மேல்முறையீடு எப்போது முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லில்லி தாமஸ் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. அதற்குப் பிறகுதான் தீர்ப்பு வந்த அன்றே பதவி போகிறது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருச் சிறப்பு நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் தீர்ப்பளித்தபோது, முதல்வராக இருந்த ஜெயலலிதா அன்றே ஸ்ரீரங்கம் உறுப்பினர் பதவியையும் முதல்வர் பதவியையும் இழந்தது இதனால்தான்.

2001 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் ஜெயலலிதாவுக்கு மூன்று ஆண்டுத் தண்டனை. உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தி வைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு; தீர்ப்பு அப்படியே இருக்கும்வரை தகுதியிழப்பும் இருக்கும். இந்த ஒரு நூலிழையில்தான் எல்லாமே இருக்கிறது. ஜெயலலிதா நான்கு தொகுதியில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடி. பரிசீலனை நாளன்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. தொலைபேசி அடிக்க அடிக்க, எந்த ஊரில் தள்ளினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். எங்கள் தேர்தல் நடத்தும் அலுவலர் எங்கள் மேசைக்கு அந்த மனு வராததற்குச் சாமிக்கு நன்றி சொன்னார். அந்தக் கட்சி வென்றது, எந்தத் தொகுதியிலும் நிற்காத அவரே மே 14 அன்று முதல்வரானார் (உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் வரை பதவியில் இருக்கலாம்). செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவர் ஆறு மாதத்துக்குக்கூட முதல்வராக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆண்டிப்பட்டியில் வென்று 2002 மார்ச்சில் திரும்பி வந்தார். 2003இல் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. ஒன்றரை ஆண்டுக்குள் குற்றவாளி, முதல்வர், தகுதியற்றவர், நிரபராதி, மறுபடி முதல்வர். ஆட்கள் யாராக இருந்தாலும், ஒரு மாநிலத்தை இப்படி ஊசலாட விடுவது நல்லதல்ல என்று அன்றைக்கே நினைத்தேன்.

வாழ்நாள் தடை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் 2016 முதல் ஒரு பொதுநல வழக்கு நிலுவையில் இருக்கிறது. வாழ்நாள் தடை மிகக் கடுமையானது, எத்தனை ஆண்டு என்பதை முடிவு செய்வது நாடாளுமன்றத்தின் உரிமை என்று மத்திய அரசு 2025 பிப்ரவரியில் பதில் மனு போட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லஞ்சம் வாங்கித் தண்டனை பெற்ற என் கீழ்நிலை எழுத்தர் ஒருவர் வேலையும் போய் ஓய்வூதியமும் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஆறு ஆண்டு கழித்து நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க யாரும் வரவில்லை.

கறுப்பு அங்கி:

சகோதரி, நான் மதுரையில் வழக்கறிஞர். மறியல் வழக்குகள் நிறையப் பார்ப்பவள். உங்கள் தம்பிக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு மருந்தாக நீங்கள் கேட்கும் வாழ்நாள் தடை, நாளை உங்கள் தம்பி போன்றவர்கள் மீதே விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

2019 ஜனவரியில் அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டிக்கு மூன்று ஆண்டுச் சிறை விதித்தார்கள், பதவி விலகினார். என்ன வழக்கு என்று நினைவிருக்கிறதா? 1998இல் ஓசூர்ப் பக்கம் பாகலூரில் கள்ளச்சாராயத்தை எதிர்த்து நடந்த மறியலில் பஸ்கள் மீது கல் விழுந்த வழக்கு. இருபது ஆண்டு கழித்துத் தீர்ப்பு. கல்லெறிவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சாராயக் கடைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவருக்கும், பொதுப்பணத்தைத் தின்றவருக்கும் ஒரே வாழ்நாள் தடை என்றால் உங்களுக்குச் சம்மதமா?

2023 மார்ச்சில் ராகுல் காந்திக்குச் சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் விதித்தது சரியாக இரண்டு ஆண்டு. அந்தக் குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனையே அதுதான். ஒரு நாள் குறைந்திருந்தால் பதவி போயிருக்காது. ஏன் உச்சபட்சம் என்பதற்குக் காரணம் எழுதவில்லை என்று சுட்டிக்காட்டித்தான் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஒரே ஒரு கீழ்நீதிமன்றத் தீர்ப்பில் ஒருவரை ஆயுளுக்கும் வெளியே தள்ளலாம் என்று வைத்துவிட்டால், ஆட்சியில் இருப்பவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இன்னொன்று. டி.எம்.செல்வகணபதி 2014 ஏப்ரலில் சுடுகாட்டுக் கூரை அமைத்ததில் முறைகேடு என்ற வழக்கில் இரண்டு ஆண்டுத் தண்டனை பெற்று மாநிலங்களவைப் பதவியை விட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023இல். 2024இல் சேலத்தில் வென்று மக்களவைக்குப் போனார். அவர் குற்றமற்றவர் என்றால் ஒன்பது ஆண்டு வீணாகப் போயிற்று. குற்றம் செய்திருந்தால் சுடுகாட்டுக் கூரை போட்ட காலத்திலேயே தண்டித்திருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் தாமதம்தான் கொன்றது. ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கையே பாருங்கள். 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக்கால வழக்கு. கடைசித் தீர்ப்பு 2017 பிப்ரவரி 14. அதற்குள் அவர் இறந்தே விட்டார். இடையில் எத்தனை தேர்தல்!

எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கான சிறப்பு நீதிமன்றங்கள் 2017 இறுதியில் உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தவை. அவை ஓராண்டுக்குள் வழக்கை முடித்தாலே உங்கள் கோபத்தில் பாதி தீரும் என்பது என் நம்பிக்கை.

வைப்பாற்றங்கரை:

மேடம், பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. உங்கள் பதிலில் ஒவ்வொரு இடத்திலும் அரசியல்வாதிக்குத் தவறாகத் தண்டனை கிடைத்துவிடக் கூடாதே என்ற கவலை இருக்கிறது. நல்ல கவலைதான். என் தம்பிக்கு அந்தக் கவலையை யார் பட்டார்கள்? அவனுக்குத் தண்டனையே இல்லை, விடுதலை. மேல்முறையீடு செய்ய எதுவுமே இல்லை. மேலே போக ஆளும் பணமும் இருப்பவர்களுக்குத் தீர்ப்பையே நிறுத்தி வைக்கிறார்கள். பொன்முடி வழக்கில் 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு விதித்தது, மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, பதினொரு நாளில் மறுபடி அமைச்சராகப் பதவியேற்றார். அது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். மூன்று மாதத்தில் உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்ப முடிகிறது அல்லவா? எங்களுக்கு மறியல் வழக்கு முடியவே மூன்று ஆண்டு ஆயிற்று. அதுவும் தாலுகா நீதிமன்றத்தில்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர் பதில்: சம்மதம் இல்லை. மறியல் வேறு, திருட்டு வேறு. அதை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பத்து தொகுதிக்காரன்:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். இந்தத் திரியைப் படித்தபோது எங்கள் 2018 தேர்தல் நினைவுக்கு வந்தது. பிரித்துப் பார்க்காத சட்டம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு எங்கள் தொகுதியே சாட்சி.

மலேசிய அரசியலமைப்பின் 48ஆவது பிரிவுப்படி ஓராண்டுச் சிறையோ 2,000 ரிங்கிட் அபராதமோ விதிக்கப்பட்டால் தகுதி போய்விடும். விடுதலையோ அபராதமோ ஆகி ஐந்து ஆண்டு கழித்துத்தான் திரும்பும். ‘பத்து’ (Batu) என்ற எங்கள் தொகுதியின் உறுப்பினர் தியான் சுவா. ஒரு போலீஸ்காரரை அவமதித்ததாக வழக்கு. அபராதம் சரியாக 2,000 ரிங்கிட். வேட்புமனுத் தாக்கல் நாளன்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். வாசலில் நின்ற எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தத் தொகுதியில் சுயேச்சையாக நின்றவர் பி.பிரபாகரன் என்ற 22 வயதுத் தமிழ்ப் பையன். சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அவரை ஆதரிப்பதாகத் தியான் சுவாவின் தரப்பே அறிவித்தது. முந்தின வாரம்வரை பெயரே தெரியாத பையனுக்காக நாங்கள் வீடு வீடாகப் போனோம். 24,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அதே சட்டத்தின் கீழ் முன்னாள் பிரதமர் நஜிப் என்ன ஆனார் என்று பாருங்கள். 2020 ஜூலையில் 12 ஆண்டுச் சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம். மேல்முறையீடு இருந்ததால் 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்யும்வரை இரண்டு ஆண்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் 2013இல் ஒழித்த சலுகை எங்களிடம் இன்னும் இருக்கிறது. 2024இல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது.

அன்வார் இப்ராகிமுக்கும் அதே சட்டம்தான். சிறை, தடை, மறுபடி சிறை, 2018 மே மாதம் மாமன்னரின் முழு மன்னிப்பு, அக்டோபரில் போர்ட் டிக்சன் இடைத்தேர்தல், 2022 நவம்பரில் பிரதமர். வாழ்நாள் தடை இருந்திருந்தால் அரசியல் பழிவாங்கல் என்று உலகமே சொன்ன ஒரு வழக்கு அவரை ஒரேயடியாக முடித்திருக்கும். நான் அவர் கட்சிக்கு வாக்களித்தவன். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் மக்கள் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கதவை ஒரு நீதிபதியின் கையில் மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய தாலுகா ஆபீஸ்:

மலேசிய நண்பருக்கு நன்றி. ஆனால் மன்னிப்பு, விலக்கு என்று ஒரு சாளரம் வைத்தால் அதில் யார் நுழைகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் சட்டத்திலும் 11ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது: தகுதியிழப்புக் காலத்தைத் தேர்தல் ஆணையம் குறைக்கலாம். சிக்கிமில் பிரேம் சிங் தமாங் என்பவர் கால்நடைத் துறை அமைச்சராக இருந்தபோது ஏழைகளுக்குக் கறவை மாடு கொடுக்கும் திட்டத்தில் ஒன்பதரை லட்சம் ரூபாய் முறைகேடு. ஊழல் தடுப்புச் சட்டப்படி ஓராண்டுச் சிறை. 2018 ஆகஸ்டில் வெளியே வந்தார். 2024 வரை நிற்க முடியாது. 2019 தேர்தலில் அவர் கட்சி வென்றது, எந்தத் தொகுதியிலும் நிற்காத அவர் முதல்வரானார். செப்டம்பரில் ஆணையம் ஆறு ஆண்டை ஓராண்டு ஒரு மாதமாகக் குறைத்தது. அக்டோபரில் இடைத்தேர்தலில் வென்றார். இதைப் படித்த அன்று எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இத்தனை ஆண்டு நாங்கள் மேசையில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை வரை சரிபார்த்த சட்டம் இது.

ஒற்றுப்பிழை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் தரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் நிலுவை வழக்குக்குத் தனிப் பகுதி, தண்டனை பெற்ற வழக்குக்குத் தனிப் பகுதி. முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றம் எல்லாம் எழுத வேண்டும். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோடு போட்டுக் கொண்டுவருவார்கள். "ஐயா, கோடு செல்லாது, 'இல்லை' என்று எழுதுங்கள்" என்று நான் எத்தனை பேரிடம் பேனாவை நீட்டியிருக்கிறேன்! ஒருவர், பெரிய ஆள், பேனாவை வாங்கியவர் எழுதாமல் வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வக்கீலை வெளியே கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்து இரண்டு வழக்கு எண்ணை எழுதினார். அந்தப் பத்திரம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பரிசீலனை முடியும்வரை அந்தப் பலகையின் முன் நின்று ஒரு வாக்காளர் படித்து நான் பார்த்ததில்லை. வருபவர்கள் எதிர்க்கட்சி வக்கீல்கள் மட்டுமே.

2024இல் வென்ற 543 மக்களவை உறுப்பினர்களில் 251 பேர் தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். நமக்குத் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறோம்.

கறுப்பு அங்கி:

சிக்கிம் விஷயத்தில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். ஊழல் தண்டனைக்கு 11ஆவது பிரிவு பொருந்தாது என்று திருத்தினால் நானே கைதட்டுவேன். ஆனால் கைதாகி முப்பது நாள் காவலில் இருந்தாலே முதல்வர், அமைச்சர் பதவி போகும் என்று 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த 130ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவை எதிர்ப்பேன். தீர்ப்பே இல்லாமல் தண்டனை அது. சகோதரியின் தம்பிக்கு நடந்ததும் அதுதானே?

தம்பியின் வழக்கு விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சந்தேகத்தின் பலனா, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லையா என்பது தீர்ப்பின் எந்த வாக்கியத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில தீர்ப்புகளில் அடையாளம் காட்டவே சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் பழக்கதோஷத்தில் "சந்தேகத்தின் பலன்" என்று சேர்த்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு எதிராகப் போராட இடமிருக்கிறதா என்று பார்க்கிறேன். வாக்குறுதி தரவில்லை. கட்டணம் வேண்டாம்.

வைப்பாற்றங்கரை:

மேடம், உங்கள் பதிலைப் படித்ததும் பீரோவிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்தேன். ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில், "எதிரிகளை அடையாளம் காட்டும் சாட்சியம் ஏதும் அரசுத் தரப்பில் இல்லை" என்று இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் நீங்கள் சொன்ன அந்த இரண்டு சொல்லும் இருக்கிறது. இத்தனை நாளும் கடைசிப் பக்கத்தை மட்டுமே நாங்கள் படித்திருக்கிறோம். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

ஐயா, என் கருத்தில் பாதியை மாற்றிக்கொண்டேன். மீதியை மாற்ற மாட்டேன். மறியலுக்கும் பேச்சுக்கும் போட்ட வழக்கில் யாருக்கும் எந்தத் தடையும் வேண்டாம், அமைச்சருக்கும் சரி, காவலருக்கும் சரி. பொதுப்பணத்தைத் திருடியது உச்ச நீதிமன்றம்வரை உறுதியானால் அவர் மறுபடி நிற்கக் கூடாது, ஒருநாளும். ஏழைக்குக் கொடுக்கும் மாட்டில் கை வைத்தவருக்கு ஆறு ஆண்டு என்ன, அறுபது ஆண்டு போதாது.

அடுத்த தேர்தலுக்கு மனுத்தாக்கல் நடக்கும்போது எங்கள் தாலுகா அலுவலகப் பலகையின் முன் நான் போய் நிற்பேன். படிவம் 26ஐ நோட்டில் எழுதிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் குடத்தோடு உட்கார்ந்த அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டுவேன். எந்த நாளில் ஒட்டுவார்கள், போட்டோ எடுக்க விடுவார்களா என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.

பழைய தாலுகா ஆபீஸ்:

மனு கொடுத்த அன்றே ஒட்டிவிடுவார்கள் அம்மா. போட்டோ எடுங்கள், யாரும் தடுக்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் அதே பத்திரம் முழுதாக வரும். ஆனாலும் பலகைக்குப் போங்கள். காலை பதினொரு மணிக்கு மேல் போனால் கூட்டம், பத்தரைக்கே போய்விடுங்கள்.